சட்டத்துக்குப் பின்னால்

லிமா நகர அலுவலகத்தில்
நான்காம் ஜன்னல் என்னுடையது.
வெளிநாட்டுப் பட்டங்கள் வந்து சேரும் ஜன்னல்.
பதினேழு வருடமாக முத்திரை குத்துகிறேன்.
மருத்துவர்கள், மீன்வள ஆய்வாளர்கள்,
ஒருமுறை ஒரு வானியலாளர்.
எல்லோரும் குனிந்துதான் பேசியாக வேண்டும்,
கண்ணாடியில் ஓட்டை அவ்வளவு கீழே.

நான் பள்ளியை முடிக்கவில்லை.
ஜன்னலுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவளிடம்
யாரும் சான்றிதழ் கேட்பதில்லை.

யோர்லெனிஸ் வந்தது ஒரு ஜூலையில்,
கடல்பனி சட்டைக் காலர்வரை இறங்கிய நாள்.
வெனிசுவேலாவில் கட்டடப் பொறியியல் படித்தவள்.
சோளமாவு வந்த பிளாஸ்டிக் உறையில்
பட்டத்தைப் போட்டு எடுத்து வந்திருந்தாள்.
எல்லை ஆற்றில் இடுப்பளவுத் தண்ணீர்.
பையைத் தலைக்கு மேல் பிடித்தாளாம்.
பிடித்தும் ஒரு மூலை நனைந்துவிட்டது.
முத்திரை இருந்த மூலை.

"தெளிவாக இல்லை" என்றேன்.
அதற்கென்று ஒரு படிவம் உண்டு, கொடுத்தேன்.
"மூலப் பதிவேட்டிலிருந்து புது நகல் வேண்டும்."
"பதிவேடு இருந்த கட்டடத்துக்கு
இப்போது கூரை இல்லை" என்றாள்.
அதற்குப் படிவம் இல்லை.

மறுவாரம் எதிர் நடைபாதையில்
அரேப்பா சுட்டுக்கொண்டிருந்தாள்.
பட்டத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.
"இங்கே எண்ணெய் தெறிக்கும்,
உங்கள் இழுப்பறையிலேயே இருக்கட்டும்."
தினமும் மதியம் இரண்டு வாங்கித் தின்றேன்.
சில்லறை ஒரு நாளும் குறைந்ததில்லை.
கோப்பைப் பற்றி அவள் கேட்டதும் இல்லை.
கேட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

இரவில் சுவரிலிருந்து மணல் உதிர்கிற சத்தம் என்று
ஏதோ பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன்.
ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாள்,
மலைச்சரிவில் நூற்றுப் பன்னிரண்டு படி ஏறி.
வீட்டைச் சுற்றினாள். விரல்மொட்டியால் தட்டினாள்.
"அந்தச் சட்டத்தைக் கழற்றுங்கள்."

அது என் மகன் வில்டரின் பட்டம்.
வணிக நிர்வாகம், தங்க எழுத்து,
கடனில் இன்னும் ஏழு தவணை பாக்கி.
கோழி வறுக்கும் கடையில் கல்லா எண்ணுகிறான்,
நன்றாகத்தான் இருக்கிறேன் என்கிறான்,
நான் மேலே கேட்பதில்லை.
"ஆணி பிடுங்கிக்கொண்டு வரும்" என்றான் இப்போது.
எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்
அதை ஏன் அந்த இடத்தில் மாட்டினோம் என்று.

கழற்றினோம்.
கூரையிலிருந்து கட்டில்வரை ஒரு விரிசல்.

ஒரு கரண்டி ஜிப்சம் குழைத்தாள்.
விரிசலுக்குக் குறுக்கே மூன்று பொட்டு வைத்தாள்.
ஈரம் காய்வதற்குள் ஆணியால் தேதி கீறினாள்,
கீழே தன் பெயரின் முதலெழுத்து.
"இது உடைந்தால் சுவர் நகர்கிறது.
அன்றைக்கே கட்டிலை வெளியே போடுங்கள்.
தாங்குசுவர் கேட்டு நகராட்சிக்கு எழுதுங்கள்.
என் கையெழுத்து மட்டும் வேண்டாம், செல்லாது."

கை கழுவத் தண்ணீர் ஊற்றியபோது கேட்டேன்,
அரேப்பா விற்பதில் உனக்குக் குறை ஒன்றும் இல்லையே?
"காசு பரவாயில்லை. மாவும் என் பேச்சைக் கேட்கிறது.
ஆற்றுப் பாலம் வழியாகப் போனால்
பத்து நிமிடத்தில் அறைக்குப் போய்விடலாம்.
நான் சுற்றி நடந்து போகிறேன்."
பிறகு, துண்டு கேட்டாள்.

செப்டம்பரில் நடுப்பொட்டு உடைந்தது.
தலைமுடி அளவுதான்.
கட்டிலை முற்றத்தில் போட்டோம்.
நகராட்சிப் பொறியாளர் வந்தார்.
நான்கு நிமிடம் நின்றார்.
'கண்ணுக்குத் தெரியும் ஆபத்து இல்லை.'
கையெழுத்து தெளிவு. முத்திரை அதைவிடத் தெளிவு.

வில்டரின் சட்டம் அலமாரிக்கு மேல் சாய்ந்து கிடக்கிறது.
நாங்கள் முற்றத்தில் தூங்குகிறோம்,
பனியில் போர்வை கனக்கிறது.

காலையில் முதல் ஆள் வருவதற்கு முன்
கீழ் இழுப்பறையைத் திறக்கிறேன்.
நனைந்த அந்த மூலையை
விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால்
வட்டம் ஒன்று தெரிகிற மாதிரி இருக்கிறது.
தெரியாத மாதிரியும்.
முத்திரை கையில் இருக்கிறது,
மை இன்னும் காயவில்லை.